இரவல் கை

உப்பைக் குறைத்துச் சாப்பிடுவது முதல் பத்து நாள்தான் கஷ்டம். அதற்கப்புறம் நாக்கு தானாகப் பழகிக்கொள்ளும். நான் குறைத்து ஏழு மாதம் ஆகிறது. காலையில் நாற்பது நிமிடம் நடக்கிறேன். நேற்று இந்த அறைக்கு வந்ததிலிருந்து நீங்கள் ஐந்து டீ குடித்துவிட்டீர்கள், இரண்டு முறை மேசையைத் தட்டினீர்கள். உங்கள் வயதில் இதையெல்லாம் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது. குறையாகச் சொல்லவில்லை ஐயா, இந்த விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு.

சார் எப்படி இறந்தார் என்று என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். ஆனால் நீங்கள் கேட்கிற வரிசையில் எழுத எனக்கு வராது. நடந்த வரிசையில்தான் வரும்.

எங்களுடையது எடை இயந்திரங்களைப் பழுது பார்த்து, சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்து, முத்திரை வைத்துத் தரும் நிறுவனம். மருந்துக்கடைத் தராசு முதல் லாரி ஏறி நிற்கும் மேடை வரை எல்லாம் எங்களிடம் வரும். சார் சர்வீஸ் பிரிவின் தலைவர். நான் அவருக்குக் கீழே பதினான்கு வருடம். என்னை அங்கே எல்லாரும் எடைக்கல் என்றுதான் கூப்பிடுவார்கள். வைத்த இடத்தில் அசையாமல் இருப்பேன் என்று சார் வைத்த பெயர். சார் வைத்தால் அது நிலைத்துவிடும், ஏனென்றால் அவர் குரல் கட்டடம் முழுக்கக் கேட்கும். எருமை, தண்டம், சோத்துமூட்டை என்று ஆளுக்கொன்று வைத்திருந்தார். அந்த வகையில் எனக்குக் கிடைத்தது கௌரவமான பெயர்தான்.

எங்களுக்குள் முன்விரோதம் உண்டா என்று கேட்டீர்கள். விரோதம் என்று நான் சொல்லமாட்டேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு லாரி மேடைக்கு முத்திரை வைக்கப் போனேன். ஒரு மூலையில் நாற்பது கிலோ குறைத்துக் காட்டியது. போனில் சாரிடம் சொன்னேன். "போட்டுட்டு வாடா, பெரிய விஞ்ஞானி மாதிரி பேசாத" என்றார். போட்டுவிட்டு வந்தேன். இரண்டு மாதத்தில் புகார் வந்தது. அன்றைக்குக் கூடத்தில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். சார் நேராக வந்து என் இடுப்புப் பைக்குள் கையை விட்டு முத்திரை அழுத்தும் குறட்டுக் கருவியை எடுத்துக்கொண்டார். "இவன் கையில இது இருந்தா கம்பெனிக்கே சங்கு ஊதிடுவான்" என்றார். போனில் பேசியதை நான் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்பப்போகிறார்கள். அதற்குப் பிறகு பின்கட்டு அறையில் சோதனை எடைக்கற்களைத் துடைத்து அடுக்குவதுதான் என் வேலை. துணி, எண்ணெய், பஞ்சு. இதை நான் மனதில் வைத்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். கேட்டதால் சொன்னேன்.

போன வருடக் கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து ரத்த அழுத்தத் திட்டம் வந்தது. முதலில் எல்லாருக்கும் அளந்தார்கள். அழுத்தம் அதிகமாக இருந்த பதினேழு பேருக்கு ஆளுக்கொரு சின்ன இயந்திரம் கொடுத்தார்கள். பட்டையை முழங்கைக்கு மேலே கட்டிப் பொத்தானை அழுத்தினால் எண் வரும், வந்த எண் அவரவர் போனில் உள்ள செயலிக்குப் போகும், அங்கிருந்து தலைமை அலுவலகத் திரைக்குப் போகும். நன்றாக இருந்தால் பச்சை, சுமாராக இருந்தால் மஞ்சள், மோசமென்றால் சிவப்பு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை டாக்டர் போன் திரையிலேயே வந்து பேசி, எண்களைப் பார்த்து மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார். நல்ல திட்டம், ஐயா. அதை நான் குறை சொல்லவே மாட்டேன். எங்கள் கணக்குப் பிரிவு அம்மாவுக்கு இப்படி ஒரு வியாதி இருப்பதே அதனால்தான் தெரிந்தது. இன்றைக்கு அந்த அம்மா மூச்சு வாங்காமல் மாடி ஏறுகிறார்.

சாருக்கு நூற்று எழுபத்தெட்டுக்கு நூற்றாறு. எனக்கு நூற்றுப் பதினெட்டுக்கு எழுபத்தாறு. எங்கள் பிரிவிலேயே நல்ல எண் என்னுடையதுதான். "உனக்கெல்லாம் உடம்புல ரத்தம்தான் ஓடுதா, இல்ல மோரா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சாருக்குக் காலையில் ஒரு மாத்திரை, மாலையில் ஒன்று என்று எழுதிக் கொடுத்தார்கள். முதல் வாரம் முழுக்கச் சிவப்பு. திட்டத்தில் ஒரு விதி இருந்தது. தொடர்ந்து மூன்று வாரம் சிவப்பு என்றால் ஒரு மாதம் கட்டாய ஓய்வு, அதுவரை அந்த நாற்காலியில் வேறொருவர். வேறொருவர் என்றால் யார் என்று சாருக்குத் தெரியும். துணைத் தலைவர் ஒருவர் இருந்தார், ஆறு வருடமாக அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே நடக்கிறவர். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சார் காத்திருக்கத் தெரியாத மனிதர்.

இரண்டாவது வாரம் திங்கட்கிழமை எட்டே முக்காலுக்கு என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"கதவச் சாத்து."

சாத்தினேன்.

"அன்னைக்கு உனக்கு எவ்வளவு வந்துச்சு?"

"நூத்திப் பதினெட்டுக்கு எழுபத்தாறு சார்."

"கைய நீட்டு."

பட்டையைச் சட்டைக்கு மேலேயே கட்டப் பார்த்தார். அப்படிக் கட்டினால் சரியாகக் காட்டாது. ஒரு கருவியைத் தப்பாகப் பயன்படுத்துவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது, அது தொழில் புத்தி. கையைச் சுருட்டிவிட்டு நானே கட்டிக்கொண்டேன். எண் வந்தது. அவர் போனில் அவர் பெயருக்கு எதிரே பச்சை விழுந்தது. பதினான்கு வருடத்தில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றைக்குத்தான். "வெளிய மூச்சு விட்ட, தொலைஞ்ச" என்றார்.

பொய்யான அளவுக்கு முத்திரை வைத்தான் என்று என் முத்திரைக் கருவியைப் பிடுங்கிய மனிதர் தினமும் எட்டே முக்காலுக்கு என்னை வைத்துப் பொய்யான அளவு எடுத்தார். எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. வேடிக்கையாகத்தான் இருந்தது, வேறொன்றும் இல்லை. அளக்கும்போது யாரும் உள்ளே வரக் கூடாது என்று உத்தரவு போட்டார். நான் பட்டை கட்டிவிட, அவர் டாக்டர் சொன்னபடி பேசாமல் ஓய்வாக அளக்கிறார் என்று வெளியே எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். துணைத் தலைவர்கூடக் கதவுப் பக்கம் போகும்போது மெதுவாக நடப்பார்.

ஒருநாள் வரும் வழியில் பஸ்ஸில் ஒருவனோடு வாய்த்தகராறு. அந்தச் சூட்டோடு கையை நீட்டினேன். நூற்று நாற்பத்திரண்டு வந்து மஞ்சள் விழுந்துவிட்டது. சார் வெறி பிடித்தவர் மாதிரி ஆகிவிட்டார். "என் பேரைக் கெடுக்கவே பொறந்தியாடா? உடம்பை ஒழுங்கா வெச்சுக்கத் துப்பில்ல?" என்று கேட்டுவிட்டு, செயலியில் வரும் பாடங்களைப் பார்க்கச் சொல்லித் தன் போனையே என் கையில் கொடுத்தார். இரண்டிரண்டு நிமிடப் பாடங்கள். உப்பு, நடை, தூக்கம், மூச்சை இழுத்து விடுவது. அவருக்காக அனுப்பிய பாடங்கள் அத்தனையையும் நான் பார்த்தேன். பார்த்ததாக அவர் பெயரில் பதிவாயிற்று.

நான் எதைச் செய்தாலும் அரைகுறையாகச் செய்யமாட்டேன். ஊறுகாய், அப்பளம் எல்லாம் விட்டேன். நடந்தேன். என் மனைவிக்கு ஒரே ஆச்சரியம். "ஏங்க, புது மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்க. யாருக்காக இதெல்லாம்?" என்று கேட்டாள். "சாருக்காக" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

இரண்டாவது மாதம் முடிவில் டாக்டர் திரையில் வந்தார். வந்ததுமே முகமெல்லாம் சந்தோஷம். "ரொம்ப நல்லா கட்டுப்பாட்டுல இருக்கு சார். சாயங்கால மாத்திரைய நிறுத்திப் பாக்கலாம்" என்றார். நான் அறையின் மூலையில் பட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சார் மறுத்துப் பேசுவார் என்று நினைத்தேன். அளந்தது தன் கை இல்லை என்று உலகத்தில் தெரிந்த இரண்டே பேரில் அவர் ஒருவர். ஆனால் அவர் தலையை ஆட்டினார். "டாக்டரே குறைக்கிறார்னா ஏதோ இருக்கும்யா" என்று அப்புறம் என்னிடம் சொன்னார்.

இதை நீங்கள் நம்ப மறுக்கிறீர்கள் என்று தெரிகிறது. நாங்கள் எண்ணைப் பார்த்தே பிழைப்பவர்கள். ஒரே எண்ணை அறுபது நாள் தன் பெயருக்குப் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தால் மனிதனுக்குத் தராசின் மேல் என்ன வைத்தோம் என்பது மறந்துபோகும். ஆண்டுக் கூட்டத்தில் சிறப்பாக முன்னேறியவர் என்று அவருக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினார். "காலைல நாப்பது நிமிஷம் நடக்கிறேன். உப்பைத் தொடுறதே இல்ல. எல்லாம் கட்டுப்பாடுதான்" என்றார். நான் நடந்த நடை அது. பின்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். அந்த வாயை அப்படியே அடைக்க வேண்டும் போல இருந்தது. ஒரு நிமிடம்தான், உடனே மூச்சை இழுத்து விட்டேன், போய்விட்டது.

ஆனால் சாயங்கால மாத்திரை நின்ற அன்றைக்கே எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. என் கையைப் பார்த்துத்தான் டாக்டர் எழுதுகிறார். நான் என் உடம்பை எவ்வளவு நன்றாக வைத்துக்கொள்கிறேனோ அவ்வளவுக்கு அவருடைய மாத்திரை குறையும். நான் எதையும் திருட வேண்டாம், எதையும் கலக்க வேண்டாம். இன்னும் கொஞ்சம் ஆரோக்கியமாக இருந்தால் போதும்.

மிச்சமிருந்த சாயங்கால மாத்திரை அட்டைகள் இழுப்பறையில் கிடந்தன. "இதெல்லாம் எதுக்கு இனிமே, தூக்கிக் குப்பையில போடு" என்று என்னிடம் தள்ளினார். ஏழு அட்டைகள். நான் போடவில்லை. தினமும் காலையில் வீட்டில் பாதியை உடைத்து விழுங்கிவிட்டு வந்தேன். நூற்று ஆறுக்கு அறுபத்தெட்டு, நூற்று நான்குக்கு அறுபத்தாறு என்று வர ஆரம்பித்தது. நாற்காலியிலிருந்து எழுந்தால் கண் கொஞ்சம் இருட்டும். பொறுத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில் சாருக்குத் தலைசுற்றல் ஆரம்பித்தது. பிடரியில் வலி என்றார். முகம் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. கத்தும்போது பாதியில் நிறுத்தி மேசையைப் பிடித்துக்கொள்வார். எனக்கு அது எதனால் என்று தெரியும். அந்தப் பாடங்களைப் பார்த்தவன் நான்தானே.

"டாக்டர்கிட்ட தலைசுத்தல் இருக்குன்னு சொல்லுங்க சார்" என்றேன். கெட்ட யோசனையா? யாரும் சொல்லக்கூடிய யோசனைதான். சார் சொன்னார். டாக்டர் எண்களைப் பார்த்தார். நூற்று நான்கு. "பிரஷர் ரொம்ப இறங்குறதால வர்ற மயக்கம் சார் இது. மருந்து அதிகமாப் போகுது. காலை மாத்திரையையும் ரெண்டு வாரம் நிறுத்திப் பாப்போம்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குக் காட்டிய எண்ணுக்கு அவர் சொன்னது சரி. சார் எழுந்து வந்து என் தோளில் தட்டினார். "பாத்தியா, மாத்திரையே இல்லாத மனுஷன் ஆயிட்டேன்" என்றார். அவர் கை என் தோளில் சூடாக இருந்தது.

அந்த வாரம் அவர் மனைவி எனக்குப் போன் செய்தார். நல்ல மனுஷி. அவர் வீட்டுத் தராசை ஒருமுறை நான் சரி செய்து கொடுத்திருக்கிறேன்.

"தம்பி, காலைல அவருக்கு மூக்குல ரத்தம் வந்துச்சு. ரெண்டு நாளா சரியாத் தூங்கல. கேட்டா எரிஞ்சு விழறார். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போகவான்னு பாக்கறேன். ஆபீஸ்ல அளக்கிறப்ப எவ்வளவு வருது, நீங்களாவது உண்மையச் சொல்லுங்க."

"இன்னைக்கு நூத்தி நாலுக்கு அறுபத்தாறு அக்கா. தினமும் நான் கூடவே இருந்துதான் எடுக்கிறோம்."

"நிஜமாவா?"

"நானே பட்டையைக் கட்டுறேன் அக்கா. வெயிலுக்கு மூக்குல ரத்தம் வரும். கவலைப்படாதீங்க."

"உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும் தம்பி" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அந்த அம்மாவிடம் நான் சொன்ன எண்ணில் ஒன்றுகூடப் பொய் இல்லை. வேண்டுமானால் பதிவுகளை எடுத்துப் பாருங்கள்.

மாத்திரை நின்ற பன்னிரண்டாவது நாள் அது. எட்டே முக்காலுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். சார் நின்றுகொண்டிருந்தார். ஏதோ திட்ட வந்தார், வார்த்தை குழறியது. வாயின் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. என் மேல்தான் கோபம் என்று நினைக்கிறேன், ஆனால் என்ன சொல்ல வந்தார் என்று கடைசி வரை தெரியவில்லை. நாற்காலிக்கும் மேசைக்கும் நடுவில் சரிந்து விழுந்தார். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார்.

நான் என்ன செய்தேன் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், அதனால்தான் நான் இங்கே இருக்கிறேன். போனில் அழித்தாலும் அந்தச் சின்ன இயந்திரம் எண்களைத் தனக்குள் வைத்திருக்கும் என்பது எனக்குத் தோன்றாமல் போனது. நூற்றுக்கணக்கான இயந்திரங்களைத் திறந்து பார்த்தவனுக்கு வெட்கக்கேடு. எட்டு நாற்பத்தைந்து மணிக்கு, இருநூற்று முப்பத்திரண்டுக்கு நூற்று இருபத்தெட்டு. எட்டு ஐம்பத்துநான்கு மணிக்கு, நூற்று இரண்டுக்கு அறுபத்தாறு. இரண்டுக்கும் நடுவில் ஒன்பது நிமிடம். எட்டு ஐம்பத்தாறுக்குத்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறாய், அதுவரை என்ன செய்தாய் என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள்.

முதல் எண் அவருடையது. மண்டியிட்டு, அவர் சட்டையைச் சுருட்டிவிட்டு, பட்டையை அவர் கையில் கட்டினேன். முதல் வாரத்துக்கு அப்புறம் அந்தப் பட்டை அவர் கையைத் தொட்டது அன்றைக்குத்தான். சரியான அளவு என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. தெரிந்தது. போனில் சிவப்பு விழுந்தது. எண் மிக அதிகம், தப்பாக அளந்திருந்தால் அனுப்பாமல் அழிக்கவா என்று கேட்டது, ஆம் என்று அழுத்தினேன்.

பிறகு பட்டையை அவிழ்த்து, அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, என் கையில் கட்டிக்கொண்டேன். கட்டியவுடன் பொத்தானை அழுத்திவிடக் கூடாது. ஐந்து நிமிடம் பேசாமல், முதுகைச் சாய்த்து, இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றி உட்கார வேண்டும். அதுதான் முறை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். சார் இடது கையால் என் கால்சட்டையைப் பிடித்தார். பிடியில் பலம் இல்லை. அளக்கும்போது கால் அசையக் கூடாது, அதனால் அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, முதலிலிருந்து மறுபடியும் ஐந்து நிமிடம் எண்ணினேன். வெளியே துணைத் தலைவர் செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்து போனார். ஒரு குரல் கொடுத்திருந்தால் ஓடி வந்திருப்பார். நான் கொடுக்கவில்லை. எண் வந்தது, பச்சை விழுந்தது, அதற்கப்புறம் கதவைத் திறந்தேன். சார் நான்காவது நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

ஆக, கொன்றது நான்தான். டாக்டரையோ திட்டத்தையோ இதில் இழுக்க வேண்டாம். ஏழு மாதம் என் உடம்பால் கொன்றேன், மிச்சத்தை அந்த ஒன்பது நிமிடத்தில் முடித்தேன். கீழே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் 'வன்மத்தோடு' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்து எழுதச் சொல்கிறீர்கள், அதை மட்டும் நான் எழுதமாட்டேன். பதினான்கு வருடம் அவர் கீழே இருந்தேன், கடைசி நிமிடத்தில் அவர் என் காலடியில் கிடந்தார். எனக்குள் கொஞ்சமாவது வெறுப்பு இருந்திருந்தால் அந்த நேரத்தில் அது ஏறிக் காட்டியிருக்க வேண்டும். எண் உங்கள் மேசையில்தான் இருக்கிறது, நூற்று இரண்டுக்கு அறுபத்தாறு, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.